பழைய டட்சனின் காற்றுப் பெட்டியும் வயர் கட்டும்

பழைய பிக்கப் ஒன்றின் வயரிங்கைப் புதுப்பிக்க நினைப்பவர் மல்டிமீட்டரைத் தொடுவதற்கு முன்னர் ஒரு வாளித் தண்ணீரை எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. முன்கண்ணாடியின் அடிவிளிம்பில், வைப்பர் கைகளுக்குக் கீழே இருக்கும் காற்றுத் துளைகளின் மீது அந்தத் தண்ணீரை மெதுவாக ஊற்றிவிட்டு, அது வண்டியின் இரு பக்கங்களிலும் தரைக்கு வந்து சேர்கிறதா அல்லது உள்ளே காலடி விரிப்பில் தேங்குகிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே தேங்கினால் எவ்வளவு நல்ல வயரைப் போட்டாலும் அடுத்த மழைக்காலத்தோடு அந்த வேலை பாழாகிவிடும்.

வண்டி டட்சன் 620. 1972 முதல் 1979 வரை நிசான் தயாரித்த வகை. 521க்குப் பின்னரும் 720க்கு முன்னரும் வந்தது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் கடை வைத்திருந்த பெரியப்பா சாமான் ஏற்றப் பயன்படுத்திய வண்டி அது. 2022இல் எரிபொருள் நெருக்கடி வந்தபோது மதிலோரத்து மரத்தடியில் நிறுத்தப்பட்டு, பிறகு எவரும் எடுக்காததால் அங்கேயே நின்றுவிட்டது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியாருக்கு மீண்டும் திறக்கப்பட 2025 வரை காத்திருக்க வேண்டியிருந்த இலங்கையில், ஓடக்கூடிய பழைய பிக்கப் ஒன்றை இரும்புக் கடைக்கு அனுப்ப யாருக்கும் மனம் வராது. அதனால் அது என் கைக்கு வந்தது.

முன்கண்ணாடிக்கும் எஞ்சின் மூடிக்கும் இடையில், வெளியில் இருந்து பார்த்தால் சில துளைகள் மட்டுமே தெரியும் இடத்தில், தகட்டாலான நீண்ட அறை ஒன்று இருக்கிறது. கராஜ்காரர்கள் அதைக் கவுல் என்பார்கள். வண்டி ஓடும்போது முன்கண்ணாடியின் அடியில் காற்றழுத்தம் கூடுவதால் வெளிக்காற்று அந்தத் துளைகள் வழியே அறைக்குள் இறங்கி, அங்கிருந்து ஹீட்டர் பெட்டிக்கும் காலடிக் காற்றுவாய்க்கும் முன்கண்ணாடியின் உட்புறத்தில் வீசும் குழாய்களுக்கும் பிரிந்து செல்கிறது. காற்று நுழையும் துளை வழியே மழையும் நுழையும் என்பதால், அறையின் இரு முனைகளிலும் வடிகால் துளைகள் வைத்து, காற்று போகும் வாயை அறையின் தரையிலிருந்து சற்று உயர்த்தி அமைத்திருக்கிறார்கள். தண்ணீர் கீழே வடிய, காற்று மேலே உள்ள வாய் வழியே உள்ளே வரும். வடிகால் திறந்திருக்கும்வரை இது பழுதின்றி இயங்கும் ஏற்பாடு.

மரத்தடியில் நின்ற வண்டியில் அது திறந்திருக்கவில்லை. இலைச் சருகு மக்கிக் கறுப்புச் சேறாகி இரு வடிகால்களையும் அடைத்திருந்தது. கொழும்பில் ஆண்டுக்குச் சராசரியாக 2,400 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்கிறது. அவ்வளவு மழையில் கவுலின் கூரையில் விழுந்த பங்கு வேறு வழியின்றி உயர்த்திக் கட்டிய அந்த வாயைத் தாண்டி ஹீட்டர் பெட்டிக்குள் இறங்கி, அதன் அடித்தையல் வழியாகக் கசிந்து, நேர் கீழே டாஷ்போர்டுக்குப் பின்னால் ஓடும் வயர் கட்டின் மீது சொட்டியிருக்கிறது. பியூஸ் பெட்டியின் பின்புறத்து டேர்மினல்கள் பச்சை பூத்திருந்ததற்கும், வைப்பரைப் போட்டால் ஹோன் மெதுவாக முனகியதற்கும் அதுவே காரணம். காற்றுக்குழாய்களுக்குள் எலிகள் கூடு கட்டியிருந்தன; குழாயின் அட்டையைக் கிழித்துப் படுக்கையாக்கிவிட்டுப் பக்கத்தில் இருந்த வயர்களின் உறையைக் கடித்திருந்தன. காற்று வேலையும் மின் வேலையும் கராஜில் இரு வேறு ஆட்களிடம் கொடுக்கப்படுவது வழக்கம்; இந்த வகை வண்டியில் இரண்டையும் ஒன்றாகவே பார்க்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

டாஷ்போர்டைக் கழற்ற உதவிய வயரிங் பாஸ் ஹீட்டர் பெட்டியைப் பார்த்தவுடன், "தம்பி, கொழும்புல ஹீட்டர் எதுக்கு? கழற்றி எறிஞ்சிட்டு ஓட்டைய அடைச்சிடுவோம்" என்றார். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். செப்பும் பித்தளையும் சேர்ந்த உள் ரேடியேட்டர் ஒழுகினால் எஞ்சினின் சுடுநீர் பயணியின் காலில் கொட்டும் என்ற அச்சம் நியாயமானது. ஆயினும் எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் பெட்டி காலைச் சூடாக்குவதற்கு மட்டுமானது அன்று. முன்கண்ணாடியில் படியும் ஆவியை அகற்றும் ஒரே கருவியும் அதுதான். இரவு மழையில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு இருவர் அமர்ந்திருந்தால், அவர்களது மூச்சின் ஈரம் மழையால் குளிர்ந்த கண்ணாடியின் உட்புறத்தில் உடனே படிந்துவிடும். வெளிக்காற்றும் ஈரமானதுதான் என்றாலும், 25 பாகையில் 95 சதவீத ஈரப்பதன் கொண்ட காற்றை 35 பாகைக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதன் ஏறத்தாழ 53 சதவீதத்துக்கு இறங்குகிறது. அந்தக் காற்று கண்ணாடியிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், கண்ணாடியையும் சிறிது சூடாக்கும். ஏ.சி. இல்லாத வண்டியில் இதற்கு மாற்று, கையில் துணியோடு ஓட்டுவதுதான். ஆகவே உள் ரேடியேட்டரை ரேடியேட்டர் கடையொன்றில் காற்றழுத்தம் கொடுத்து நீரில் அமிழ்த்திப் பார்த்து, குமிழி வராததை உறுதிசெய்த பிறகு மீண்டும் பொருத்தினோம். ரப்பர் குழாய்கள் மட்டும் புதியவை.

பெட்டியைத் திறந்தால் உள்ளே காற்றைத் திருப்பிவிடும் சிறு கதவுகள் இருக்கும். அவற்றின் விளிம்பில் ஒட்டியிருக்கும் ஸ்பொஞ்ச் இத்தனை வருடத்தில் கறுப்புத் தூளாகி உதிர்ந்துவிடுவதால், கதவு மூடியிருந்தாலும் காற்று எல்லாப் பக்கமும் ஒழுகும். புதிய ஸ்பொஞ்ச் வாங்கும்போது மெத்தைக்குப் போடும் வகையை வாங்கக் கூடாது. அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு தகட்டைத் துருப்பிடிக்கச் செய்யும். நுண்ணறைகள் மூடிய, தண்ணீரில் போட்டால் மிதக்கும் ரப்பர் ஸ்பொஞ்ச் வேண்டும். பழைய சோனகத் தெருவில் தாளாகக் கிடைத்தது. பெட்டியின் தையலிலும் கவுலோடு அது சேரும் வாயிலும் அதையே வைத்தேன்.

முன்கண்ணாடிக்குச் செல்லும் குழாய்கள் அட்டையும் துணியும் கம்பிச் சுருளும் கொண்டவை. அவற்றுக்கு மாற்றாகச் சமையலறைப் புகைபோக்கிக்குப் போடும் அலுமினியத் தாள் குழாயைக் கடைக்காரர்கள் தாராளமாகப் பரிந்துரைக்கிறார்கள். அளவு பொருந்தும், விலையும் குறைவு. ஆனால் மின் டேர்மினல்கள் திறந்து கிடக்கும் இடத்தில் உரசிக்கொண்டு ஓடும் உலோகத் தாளை வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. உட்புறம் இயன்றவரை வழவழப்பாக உள்ள, கம்பிச் சுருள் பதித்த பிளாஸ்டிக் குழாயைத் தேடிப் போட்டேன். உள்ளே ஆழமாக நெளிந்த குழாய் காற்றின் வேகத்தைக் குறைத்துவிடும்; இந்தச் சிறிய மோட்டாருக்கு இழக்க வேகம் அதிகமில்லை.

மோட்டாரைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும், ஏனெனில் காற்றும் மின்சாரமும் நேரடியாகச் சந்திப்பது இங்கேதான். விசிறியின் வேகத்தைக் குறைக்கும் மின்தடைச் சுருள் வெளியில் எங்கோ வைக்கப்படுவதில்லை. விசிறி தள்ளும் காற்றிலேயே அது இருக்கிறது, ஏனென்றால் அது வீணாக்கும் வெப்பத்தை அந்தக் காற்றுதான் கொண்டுபோக வேண்டும். காற்று வழி அடைத்திருந்தால் அல்லது மோட்டார் இறுகி மெதுவாகச் சுழன்றால், சுருள் அளவுக்கு மீறிச் சூடேறி எரிந்துவிடும். அதன் சொக்கெட்டும் உருகும். குறைந்த வேகம் போய் முழு வேகம் மட்டும் வேலை செய்யும் பழைய வண்டிகளில் பெரும்பாலும் நடந்தது இதுதான். என் வண்டியிலும் சொக்கெட் உருகியிருந்தது. மோட்டாரின் கார்பன் பிரஷ்களை மாற்றி, புஷ்களுக்கு எண்ணெய் விட்டு, சுருளை இலைக் குப்பையிலிருந்து விடுவித்த பிறகே புதிய சொக்கெட்டைப் போட்டேன்.

இனி வயர். டட்சனின் நிற ஒழுங்கை ஒருமுறை மனத்தில் பதித்துக்கொண்டால் பாதி வேலை குறையும். தனிக் கறுப்பு ஏர்த் (மின்னோட்டம் பற்றரிக்குத் திரும்பும் வழி), கறுப்பில் கோடு போட்டவை ஸ்டார்ட், இக்னிஷன் சார்ந்தவை, வெள்ளை பற்றரி மற்றும் சார்ஜ் வழி, சிவப்பு விளக்குகள், பச்சை சிக்னல், மஞ்சள் மீட்டர்கள். அரை நூற்றாண்டில் பலர் கைவைத்த வண்டியில் இந்த ஒழுங்கு நடுவில் அறுந்து, திடீரென்று ஒரு வீட்டு வயர் தலைகாட்டும். அப்படித் தலைகாட்டிய ஒவ்வொன்றையும் வெட்டிவிட்டு மூல நிறத்திலேயே புதிய வயர் இட்டேன். புதிய வயரில் கோடு போட்ட நிறங்கள் கிடைப்பது அரிது என்பதால், பஞ்சிகாவத்தையில் ஜப்பானிய வாகனங்களிலிருந்து வெட்டியெடுத்த வயர் கட்டுகளை விலைக்கு வாங்கிப் பிரித்தேன். வாங்கும்போது உறையைச் சிறிது சீவிப் பார்க்க வேண்டும். செம்பு பளபளப்பாக இருந்தால் எடுக்கலாம். கறுத்திருந்தால் ஈரம் உள்ளே நெடுந்தூரம் ஏறிவிட்டது என்று பொருள், அதில் சோல்டர் கூட ஒட்டாது.

ஹெட்லைட்டின் மங்கலுக்குப் பலர் பல்பைக் குறைசொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் குற்றவாளி வேறு. 55 வாட் பல்புகள் இரண்டு 12 வோல்ட்டில் 9 அம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். அந்த மின்னோட்டம் முழுவதும் பற்றரியிலிருந்து டாஷ்போர்டின் சுவிட்சுக்கு வந்து, மீண்டும் முன்னால் போக வேண்டும். 1.25 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில் 5 மீற்றர் தூரம் என்றால் வயரில் மட்டும் 0.6 வோல்ட் போய்விடும். தேய்ந்த சுவிட்சும் பச்சை பூத்த இணைப்புகளும் தம் பங்கை எடுத்துக்கொள்ளும். 12 வோல்ட்டுக்குப் பதிலாக 11 வோல்ட் கிடைத்தால் இழையின் ஒளி ஏறத்தாழ கால்வாசி குறைகிறது. எனவே சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் ரிலேகளைப் பற்றரிக்கு அருகில் வைத்து, அங்கிருந்து ஒவ்வொரு விளக்குக்கும் 2 சதுர மில்லிமீற்றர் வயரைத் தனித்தனியாக இழுத்தேன். பழைய சுவிட்ச் இப்போது ரிலேக்களை மட்டுமே இயக்குகிறது, அதனால் அதுவும் சூடேறுவதில்லை. டாஷ்போர்டின் தோற்றத்தில் எந்த மாற்றமும் இல்லை. பழையதை அப்படியே காப்பாற்ற வேண்டும் என்பவர்கள் ரிலேயைக் கண்டு முகம் சுளிப்பார்கள். புத்தளம் வீதியில் இரவில் ஓட்டிப் பார்த்துவிட்டு அவர்கள் பேசலாம்.

பியூஸ் பெட்டியில் கண்ணாடிக் குழாய் பியூஸ்கள். அவற்றில் ஒன்றைச் சிகரட் பெட்டியின் வெள்ளித் தாள் சுற்றி வைத்திருந்தார்கள். வண்டி தீப்பிடிக்காமல் இத்தனை காலம் ஓடியது அதிர்ஷ்டம். பற்றரிக்கு அருகில் உள்ள உருகுவயரிலும் இதே ஆபத்து உண்டு. தான் காக்கும் வயரைவிட மெலிதாக, தீப்பற்றாத உறையோடு செய்யப்பட்ட அதைச் சாதாரண வயர்த் துண்டால் மாற்றினால், அடுத்த ஷோர்ட் சர்கிட்டில் உருகப்போவது முழுக் கட்டும்தான்.

ஏர்த் இணைப்புகளுக்கு நான் மிக அதிக நேரம் செலவிட்டேன். பிரேக்கை மிதித்தால் சிக்னல் விளக்கும் மங்கலாக எரிகிறது, சிக்னலைப் போட்டால் பார்க்கிங் லைட்டும் சேர்ந்து துடிக்கிறது என்றால், மின்னோட்டத்துக்குத் திரும்பும் வழி கிடைக்காமல் அது இன்னொரு பல்பின் இழை வழியே திரும்புகிறது என்று அர்த்தம். விளக்கை எரியவிட்டு, பற்றரியின் நெகட்டிவ் முனைக்கும் பல்பு ஹோல்டரின் உடலுக்கும் இடையில் மல்டிமீட்டரை வைத்தால் 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டிய இடங்களில் பெயின்றைச் சுரண்டி, பல்லுள்ள வாஷர் வைத்து இறுக்கி, மேலே கிரீஸ் பூசினேன். எஞ்சினுக்கும் வண்டியின் உடலுக்கும் இடையிலான பின்னல் ஏர்த் பட்டையை மாற்றியதும் ஸ்டார்ட்டர் சுழலும் ஓசையே மாறிவிட்டது.

இணைப்புகளில் சோல்டரா அழுத்திப் பொருத்துவதா என்ற பழைய வாதத்தில் நான் அழுத்திப் பொருத்துபவர்கள் பக்கம். சோல்டர் வயரின் இழைகளுக்குள் ஊறி ஏறி ஒரு பகுதியை விறைப்பாக்கிவிடுகிறது. பிக்கப்பின் குலுக்கலில் அந்த விறைப்பு முடியும் இடத்தில் வயர் ஒடியும். 6.3 மில்லிமீற்றர் தட்டை டேர்மினல்களுக்கு ஏற்ற கருவி ஒன்றைப் புறக்கோட்டையில் வாங்கினால் பிறகு குறடால் நசுக்க வேண்டியதில்லை. கட்டைச் சுற்றுவதற்கும் ஒட்டும் டேப் வேண்டாம். எங்கள் வெயிலில் அதன் பசை உருகி வழிந்து, அடுத்து யாராவது பிரிக்கும்போது கையெல்லாம் தாராகும். தொழிற்சாலையில் சுற்றியது பசையே இல்லாத மெல்லிய பிளாஸ்டிக் பட்டை. முனைகளில் மட்டும் ஒட்டி முடித்திருக்கிறார்கள். எஞ்சின் பக்கத்திலிருந்து தகட்டைத் துளைத்து வரும் இடத்தில் புதிய ரப்பர் வளையம் வைத்ததோடு, வயர் கட்டு துளைக்குக் கீழே சற்றுத் தாழ்ந்து வளைந்து பிறகு மேலேறும்படி விட்டேன். வயரோடு வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், உள்ளே வராது.

கவுலின் துளைகளுக்கு உட்புறமாகத் துருப்பிடிக்காத கம்பி வலை ஒன்றைப் பொருத்தியிருக்கிறேன். இலையும் எலியும் வராத, காற்று தடைபடாத அளவுக் கண்கள் கொண்டது. சேஸிஸ் வழியே பின் விளக்குகளுக்குப் போகும் கட்டை மட்டும் இன்னும் தொடவில்லை. தென்மேற்குப் பருவமழை முடிந்ததும் பின் தட்டைக் கழற்றப்போகிறேன். அதற்குள் பின் சிக்னலுக்கு எல்.ஈ.டி. பல்பு போடச் சொல்லிப் பலர் சொல்கிறார்கள். பல்பு இழுக்கும் மின்னோட்டத்தால் சூடேறிச் சிமிட்டும் பழைய பிளாஷர் அவ்வளவு குறைந்த மின்னோட்டத்தில் சரியாகச் சிமிட்டாது என்பதால், 21 வாட் பல்புகளையே வைத்திருக்கிறேன்.