ஐப்பசியில் இறுகும் கதவு

ஐப்பசி பிறந்து நாலு மழை விழுந்துவிட்டால் நெல்லைப் பக்கத்து ஊர்களில் ஆசாரியைத் தேடி ஆள் வரும். "கதவு சாத்த மாட்டேங்குது அண்ணாச்சி, ஒரு எட்டு வந்து ரெண்டு இழைப்பு இழைச்சு விட்டுட்டுப் போங்க." தொழிலுக்குப் புதியவர் உடனே இழைப்புளியை எடுப்பார். விளிம்பில் 2 நூல் சீவிவிட்டால் அன்றைக்குக் கதவு சுகமாகச் சாத்தும். (தச்சர் கணக்கில் அங்குலத்துக்கு 8 நூல்.) பங்குனி வெயிலில் மரம் சுருங்கும்போது கதவுக்கும் நிலைக்கும் நடுவே பென்சில் நுழையும் சந்து விழும். வேலையை முடித்துவிட்டு வெளியூர் போய்விட்டவர் கண்ணில் அந்தச் சந்து படாது. ஊரிலேயே இருப்பவர் அந்த வாசலைத் தாண்டித்தான் தினமும் டீக்கடைக்குப் போக வேண்டும். தான் செய்ததை எல்லாப் பருவத்திலும் பார்த்தாக வேண்டும் என்பதால்தான் ஊர்த் தச்சரின் கை நிதானப்படுகிறது.

இறுகிய கதவில் முதலில் பார்க்க வேண்டியது கீலை. மேல் கீலின் திருகு தளர்ந்தால் கதவு முன்பக்கம் தொங்கி, கீழ் மூலை தரையில் உரசும். அதை மழை வீக்கம் என்று நினைத்து இழைத்தால் கதவு கோணலாகிப் போகும். கைப்பிடிப் பக்கம் கதவைத் தூக்கிப் பார்த்தாலே ஆட்டம் தெரிந்துவிடும். திருகைக் கழற்றி, ஓட்டையில் பசை தடவிய மூங்கில் குச்சியை இறுக அடித்து, மேலே நறுக்கிவிட்டு, திருகைவிட மெல்லிய துளை போட்டு, சோப்புத் தடவி முடுக்கினால் பழைய பிடிப்பு வந்துவிடும். சுத்தியலால் அடித்து இறக்கிய திருகு மரத்தின் நாரைக் கிழித்துக்கொண்டுதான் உள்ளே போகிறது. அப்படி மாட்டிய கதவு சில வருஷத்தில் தொங்காமல் இருந்தால்தான் அதிசயம். உண்மையிலேயே வீக்கம்தான் என்றால் நிலையின் காடியில், அதாவது கதவு பதியும் பள்ளத்தில், சாக்கட்டியைத் தேய்த்துக் கதவைச் சாத்த வேண்டும். சாக்கட்டி ஒட்டிய இடத்தை மட்டும் மெல்லச் சீவிவிட்டு, மீதிக்குத் தை மாதம் வருகிறேன் என்று சொல்லிவிடலாம். ஊர்க்காரரால் மட்டுமே தரக்கூடிய வாக்கு அது.

மரத்தைப் பொறுத்தவரை, அது நின்ற இடம் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. சாய்ந்து வளர்ந்த வேம்பை அறுத்தால் பலகை முறுக்கிக்கொள்ளும். வேலிக்கம்பி அடித்த மரமாக இருந்தால் உள்ளே புதைந்த ஆணி, அறுவை மில்லில் வாளின் பல்லை உடைக்கும். இதெல்லாம் அந்த மரத்தை நின்றபோதே பார்த்தவருக்குத்தான் தெரியும். செங்கோட்டை மரக்கடைகளில் வாங்கும் தேக்கிலும், தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வரும் வெளிநாட்டு மரத்திலும் இந்த வரலாறு கிடையாது. அங்கே முனையைப் பார்த்து, வைரம் (நடுவிலுள்ள கெட்டி மரம்) எவ்வளவு, வெள்ளை (பட்டையை ஒட்டிய வெளிறிய மரம்) எவ்வளவு என்று மட்டும் கணிக்கலாம். வெள்ளையை ஒதுக்கிவிட வேண்டும். வண்டு துளைத்து மாவு கொட்டுவது முதலில் அந்தப் பகுதியில்தான்.

அறுத்த மரம் காய வேண்டும். ஒரு அங்குலப் பலகைக்கு நிழலில் 4 முதல் 6 மாதம். 3 அங்குலக் கனமுள்ள நிலைச்சட்டத்துக்கு ஓராண்டாவது வேண்டும். அடுக்கும்போது ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே 2 அடிக்கு ஒரு குச்சி வைக்க வேண்டும். மேல் வரிசைக் குச்சி கீழ் வரிசைக் குச்சிக்கு நேர் மேலே இருக்க வேண்டும். தள்ளி வைத்தால் பலகை அலைபோல வளைந்தே காயும். முனைகளில் பெயின்ட் பூசாவிட்டால் அங்கே மட்டும் ஈரம் வேகமாக வெளியேறி வெடிப்பு ஓடும்.

நிலை செய்வது தனிப் பாடம். உயரம் 7 அடி, அகலம் மூன்றரை அடி, சட்டம் 5×3 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கால்கள் 7 அடி வீதம் 14. மேல்சட்டமும் கீழ்ப்படியும் பக்கத்துக்கு 3 அங்குலம் வெளியே நீளும்படி 4 அடி வீதம் 8. ஆக 22 அடி. கன அளவில் இரண்டேகால் அடிக்குச் சற்று மேல். இழைப்பிலும் முனை வெட்டிலும் போவதைச் சேர்த்து இரண்டேமுக்கால் வாங்கினால்தான் சரியாக வரும்.

மில்லிலேயே ஒவ்வொரு காலுக்கும் அடிமரம் எது, நுனி எது என்று கரியால் குறித்துக்கொள்வார்கள். வேர்ப்பக்கம் கீழே நிற்க வேண்டும் என்பது தச்சர் மரபு. இழைத்து முடித்தபின் தேடினால் கண்டுபிடிக்க முடியாது. காலின் தலையில் 5 அங்குலத்தை மூன்றாகப் பகுத்து நடுப்பங்கைக் கழுந்தாக (துளைக்குள் செருகும் நாக்காக) விட்டு, மேல்சட்டத்தில் அதே அளவுக்குத் துளை எடுப்பார்கள். அழகு அடுத்த கட்டத்தில் இருக்கிறது. மேல்சட்டத்தில் ஆணித்துளையைப் போட்டுவிட்டுக் கழுந்தைச் செருகி, துளை விழும் இடத்தைக் குறித்து, மறுபடி வெளியே எடுக்க வேண்டும். கழுந்தில் அந்தக் குறியிலேயே துளைக்கக் கூடாது; தோள் பக்கம், அதாவது கழுந்து தொடங்கும் அடிப்பக்கம், அரை நூல் தள்ளித் துளைக்க வேண்டும். மூங்கில் ஆணி அடிக்கும்போது இந்த அரை நூல் கோணல்தான் கழுந்தை உள்ளே இழுத்து மூட்டை இறுக்குகிறது. ஒரு நூலுக்கு மேல் தள்ளினால் ஆணி முறியும், அல்லது கழுந்து பிளக்கும். பழைய வீடுகளை இடிக்கும்போது பசையே இல்லாத இப்படிப்பட்ட மூட்டுகள் அசையாமல் நிலை முழுசாகவே வெளியே வருவதைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

நிலை வைக்க நல்ல நேரம் குறித்திருப்பார்கள். மஞ்சள் குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, எல்லாரும் காத்து நிற்கும் அந்த நேரத்தில் அளவு பார்க்க முடியாது. இரண்டு மூலைவிட்டமும் ஒரே அளவு வருகிறதா என்று முந்தின நாளே பார்த்து, குறுக்குச்சட்டம் அடித்து வைத்திருக்க வேண்டும். தூக்குக்குண்டை முகப்பில் ஒருமுறை, பக்கவாட்டில் ஒருமுறை விட வேண்டும். முகப்பில் மட்டும் பார்த்து நிறுத்திய நிலை முன்னோ பின்னோ சாய்ந்திருந்தால் கதவு தானாகத் திறக்கும், அல்லது தானாகச் சாத்தும். சுவரை ஒட்டும் பக்கத்துக்குத் தார் பூச்சு அவசியம். ஈரக் கலவை நேரடியாகப் பட்டால் சட்டம் உப்பும், பிறகு கரையானுக்கும் வழி. வாசலுக்கு மேலே சுவரைத் தாங்கும் லிண்டலின் பாரம் நிலையின் தலையில் இறங்கக் கூடாது என்பதைக் கொத்தனாரிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. மேல்சட்டம் நடுவில் தொய்ந்தால் பழி தச்சர் மேல்தான் விழும்.

கதவின் நடுப்பலகையைச் சட்டத்தின் காடியில் ஒட்டவும் கூடாது, ஆணி அடிக்கவும் கூடாது. மரம் நீளவாக்கில் அனேகமாகச் சுருங்குவதில்லை. அகலவாக்கில் வருஷம் முழுக்க அசைந்துகொண்டே இருக்கும். அரை அங்குல ஆழமுள்ள காடியில், 10 அங்குலப் பலகைக்குப் பக்கத்துக்கு ஒரு நூல் இடம் விட வேண்டும். சித்திரையில் செய்யும் கதவுக்கு இந்த இடம் கட்டாயம், கார்த்திகையில் செய்வதற்குச் சற்றுக் குறையலாம். அதனால் கதவைக் கோக்கும் முன் மேல் விளிம்பில் மாதத்தையும் வருஷத்தையும் உளியால் லேசாகக் கீறி வைப்பது நல்ல பழக்கம். பின்னால் யார் வந்து பார்த்தாலும் எந்த ஈரத்தில் செய்த மரம் என்று புரியும். கீறியபின் அந்த மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் 2 கை வார்னிஷ் பூச வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இடம் என்று பெயின்டர் விட்டுவிடுவது அங்கேதான். ஐப்பசி ஈரத்தை மரம் குடிப்பதும் அந்த வழியாகத்தான்.