சிதறால் மலையில் படமெடுக்கப் போறவங்களுக்கு

கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் மலைக்கோவிலில் 9ஆம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்களை எடுக்கணும்னா வெளிச்சம் பக்கவாட்டில் விழணும். சிற்பங்கள் பாறையை விட்டுக் கொஞ்சம்தான் புடைச்சு நிக்குது. நேர் எதிரே வெளிச்சம் அடிச்சா நிழலே விழாது. சமணத் தீர்த்தங்கரர் பார்சுவநாதர் தலைக்கு மேலுள்ள நாகப்படம்கூட பாறையோடு பாறையா அமுங்கிடும். ஃபிளாஷ் செய்யுறதும் அதேதான், தயவுசெய்து அணைச்சிடுங்க. போனில் ஹெச்டிஆரும் (வெளிச்சத்தையும் இருட்டையும் சமன் செய்யுற வசதி) வேண்டாம், இருக்கிற நிழலையும் அழிச்சிடும்.

மேகமூட்டமா? கூட வந்தவரை டார்ச்சைப் பாறைக்கு ஒட்டினாப்ல, ஓரத்திலிருந்து அடிக்கச் சொல்லுங்க. மூக்கு, விரல், மடக்கின கால் எல்லாம் எழும்பி வரும்.

ஆனி, ஆடிச் சாரலில் பாறை நனைஞ்சு மினுங்கும். லென்ஸ் முன்னாடி மாட்டுற போலரைசர் ஃபில்டரை மெதுவா திருப்பினா மினுக்கம் குறையும். வழுக்கும், பார்த்து நில்லுங்க.

கோடு தெளிவா தெரியணும்னு சாக்பீஸால் மட்டும் வரையாதீங்க!