ஆரஞ்சுத் தாள் கைக்கு வராமல் லாரியை எடுக்காதீர்கள்

மாமாவின் லாரி ஆபீசில் தாள் சம்பந்தப்பட்ட வேலை எல்லாம் என் தலையில். சாயப்பட்டறைகளின் சுத்திகரிப்பு நிலையத்தில் சேரும் கசடை ஏற்றிக்கொண்டு போய் அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில் இறக்குவது எங்களுக்கு வாடிக்கையான ஓட்டம். அங்கே சூளையில் போட்டு எரித்துவிடுகிறார்கள். அபாயகரக் கழிவு ஏற்றுகிறவர்களுக்கு 2016ஆம் ஆண்டு விதிகளும் படிவம் 10 என்ற ஏழு வண்ண மேனிஃபெஸ்டும், அதாவது கழிவோடு கூடவே போகும் ஏழு பிரதிச் சீட்டும், பழகிப்போன விஷயங்கள்தான். அவற்றை முதலிலிருந்து விளக்கப் போவதில்லை. இந்த ஜூனில் ஒரே ஒரு லோடுக்காகப் பட்ட பாட்டைச் சொல்கிறேன். உங்களில் யாருக்காவது ஓர் அலைச்சல் மிச்சமானால் சரி.

ஜூன் இரண்டாம் வாரம் சாயப்பட்டறையிலிருந்து போன் வந்தது. முந்தைய நிதியாண்டுக்கான கணக்கைப் படிவம் 4 என்ற ஆண்டறிக்கையில் ஜூன் 30க்குள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குக் கொடுத்தாக வேண்டும். அவர்கள் அனுப்பியதாகக் காட்டிய அளவும், ஆலை பெற்றுக்கொண்டதாகக் காட்டிய அளவும் ஒத்துப்போகவில்லையாம். வித்தியாசம் கிட்டத்தட்ட ஒரு லோடு. "உங்கள் வண்டியில்தானே போனது, நீங்களே வந்து அலுவலகத்தில் விளக்கிவிடுங்கள் தம்பி" என்றார் அங்கே சுற்றுச்சூழல் பிரிவைப் பார்க்கிறவர்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. படிவம் 4இல் மூன்று பகுதிகள். கழிவை உண்டாக்குகிறவருக்கு ஒன்று, அகற்றும் நிலையத்துக்கு ஒன்று, மறுசுழற்சியோ எரிப்போ செய்கிறவருக்கு ஒன்று. ஏற்றிச் செல்கிறவனுக்குப் பகுதியே கிடையாது. கணக்குக் கொடுக்க எங்களுக்கு இடமில்லை. ஆனால் கணக்கு இடித்தால் முதலில் கூப்பிடுவது எங்களைத்தான்.

வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி ஆய்வுக்குப் போயிருந்தார். உதவியாளர் ஒருவர் கோப்பைப் பிரித்துவைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தாமலே, "வழியில் எங்கேயாவது கொட்டிவிட்டீர்களா?" என்றார். நாலு பேர் உட்கார்ந்திருந்த அறை. எனக்கு முகம் சுண்டிவிட்டது. இல்லை என்றேன். "இல்லையென்றால் காகிதம் காட்டுங்கள்" என்றார். காட்டினேன். அதில் அவர் கண்டுபிடித்த குற்றங்களை வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் இவை உங்களுக்கும் வரும்.

முதலில், போக்குவரத்துக்கான அங்கீகாரம் எங்கள் பெயரில் ஏன் இல்லை என்று கேட்டார். விதி 18இன்படி, அனுப்புநரோ பெறுநரோ, யார் வண்டி ஏற்பாடு செய்கிறார்களோ அவர்களே அந்த அங்கீகாரத்தை வைத்திருக்க வேண்டும். எங்கள் விஷயத்தில் அது சாயப்பட்டறை. படிவம் 10இல் போக்குவரத்தாளரின் பதிவு எண் என்று ஒரு கட்டம் இருப்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. பாதுகாப்பாகக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு யாருடையது என்பதை மேனிஃபெஸ்டிலேயே தெளிவாகக் குறிக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. அந்த வரியை அனுப்புநரைக் கொண்டு எழுதி வாங்கியிருந்ததால் தப்பித்தோம். உங்கள் மேனிஃபெஸ்டில் அது இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

அடுத்தது கழிவின் எண். அனுப்புநரிடம் பழைய மேனிஃபெஸ்ட் அச்சுப் புத்தகங்கள் தீராமல் கிடந்திருக்கின்றன. அதில் 34.3 என்று அச்சாகியிருந்தது. கழிவுநீர் சுத்திகரிப்பில் வரும் ரசாயனக் கசடுக்கு 2008 விதிகளில் அதுதான் எண். 2016இல் அதுவே 35.3 ஆகிவிட்டது. ஆண்டறிக்கையில் 35.3, மேனிஃபெஸ்டில் 34.3. "இது வேறு கழிவு" என்றார் உதவியாளர். அதே கசடுதான், எண்தான் மாறியது என்று சொன்னால் ஏற்கவில்லை. அனுப்புநரிடம் கடிதம் வாங்கிவரச் சொன்னார். இது அனுப்புநரின் சோம்பல், அலைந்தது நான்.

மூன்றாவதுதான் உச்சம். "சாம்பல் நிறத் தாள் எங்கே?" ஏழாவது பிரதியான சாம்பல் தாள், அனுப்புநர் வேறு மாநிலத்தில் இருந்தால் அந்த மாநில வாரியத்துக்குப் பெறுநர் அனுப்ப வேண்டியது. எங்கள் வண்டி காங்கேயம், கரூர், குளித்தலை, திருச்சி என்று போகிறது. மாநில எல்லையை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. சொன்னேன். "ஏழு பிரதி என்றால் ஏழுக்கும் கணக்கு வேண்டும்" என்றார். அன்றைக்கு அதோடு திரும்பினேன்.

மறுமுறை போகும்போது 2016 ஏப்ரல் 4ஆம் தேதி வெளியான அறிவிக்கையில் விதி 19 இருக்கும் பக்கத்தை அச்செடுத்து, வண்ண அட்டவணையில் ஏழாவது வரிக்கு அடியில் கோடு போட்டு அவர் மேசையில் வைத்தேன். இரண்டு தடவை படித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். பிறகு, "அதிகாரி வந்ததும் அவரிடமே பேசிக்கொள்ளுங்கள்" என்றார். எனக்கு அது வெற்றிதான். விதி அச்சாகிய பக்கத்தைக் கையில் வைத்துக்கொள்ளாமல் எந்த அலுவலகத்துக்கும் போகாதீர்கள். வாயால் சொல்கிற சட்டத்தை யாரும் மதிப்பதில்லை.

இத்தனைக்கும் நடுவில் அந்த ஒரு லோடு எங்கே போனது என்ற கேள்வி அப்படியே இருந்தது. ஆபீஸ் தரையில் ஆரஞ்சுத் தாள்களை எல்லாம் மாதவாரியாகப் பரப்பி உட்கார்ந்தேன். தெரியாதவர்களுக்காக ஒரு வரி: வெள்ளை வாரியத்துக்கு, மஞ்சள் அனுப்புநருக்கு, இளஞ்சிவப்பு பெறுநருக்கு, ஆரஞ்சு நமக்கு, பச்சை பெறுநரிடமிருந்து வாரியத்துக்கு, நீலம் பெறுநரிடமிருந்து அனுப்புநருக்கு. சரக்கை ஒழுங்காக ஒப்படைத்தோம் என்பதற்கு இந்தச் சங்கிலியில் நம் கையில் தங்குவது ஆரஞ்சு ஒன்றுதான்.

லோடுக்கு லோடு இரண்டு எடைமேடைகளுக்கும் நானூறு, ஐந்நூறு கிலோ வித்தியாசம் இருந்தது. ஈரக் கசடு; வெயில் காலத்தில் அது காயத்தான் செய்யும். ஆனால் ஒரு முழு லோடு அதில் அடங்காது. மார்ச் கட்டைப் பிரித்தபோதுதான் பிடிபட்டது. மார்ச் 31 மாலை ஏற்றிய வண்டி ஒன்று. அனுப்புநர் அதை அன்றைய தேதியில் அனுப்பியதாக எழுதியிருக்கிறார். ஆலை வாசலில் வரிசையில் நின்று, மறுநாள் காலை ஏப்ரல் 1இல் எடை போட்டு இறக்கியிருக்கிறார்கள். அனுப்புநருக்கு அது பழைய நிதியாண்டு, ஆலைக்குப் புதிய நிதியாண்டு. கசடு எங்கேயும் காணாமல் போகவில்லை. வருடம்தான் மாறியிருக்கிறது.

நிம்மதியாக மூச்சு விட்டேன், அதுவும் நிலைக்கவில்லை. அந்த ஆரஞ்சுத் தாளில் ஆலையின் முத்திரை இருந்தது, கையெழுத்து இருந்தது, எடை இருந்தது. தேதி மட்டும் இல்லை. ஆலையின் ஸ்டோர்ஸில் எழுதாமல் விட்டிருக்கிறார்கள். டிரைவர் அண்ணன் எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறார். பின்னால் வண்டி நிற்கிறது, நகர்த்து என்று விரட்டியிருக்கிறார்கள்.

ஆலையின் எடைச் சீட்டை அண்ணன் பத்திரமாகப் பின் அடித்துத்தான் வைத்திருந்தார். ஆனால் அது வெப்பத்தில் அச்சாகும் வழவழப்பான தாள். மூன்று மாதம் வண்டிக் கேபினிலும் பிறகு பிளாஸ்டிக் உறையிலும் இருந்து, எழுத்து முழுக்க வெளுத்துவிட்டது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் 15 என்ற எண்ணும் ஆலையின் பெயரில் பாதியும் தெரிகின்றன. தேதி இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் கறைதான். அன்றிலிருந்து எங்கள் ஆபீசில் ஒரு சட்டம்: எடைச் சீட்டு வந்த அன்றே நகல் எடுத்து ஆரஞ்சுத் தாளோடு சேர்த்துவிட வேண்டும்.

ஆலைக்குப் போனேன். பாஸ், ஹெல்மெட், ஷூ, காத்திருப்பு. எடைமேடைக் கணினியில் பதிவு இருந்தது. மறு அச்சு எடுக்க ஒரு நிமிடம் ஆகாது. ஆனால் எங்கள் லெட்டர்ஹெட்டில் கேட்டால் தர மாட்டார்களாம், அனுப்புநரின் லெட்டர்ஹெட்டில் வேண்டுமாம். போனில் கேட்டபோது இதைச் சொல்லியிருந்தால் ஒரு நாள் டீசல் மிச்சம். அந்தக் கடிதத்தை வாங்கிக்கொண்டு திரும்பப் போனதும் மறு அச்சு கிடைத்தது. ஏப்ரல் 1, காலை 7.20.

கூடவே இன்னொன்றும் செய்தேன், அதுதான் அலுவலகத்தில் பேசியது. வண்டியின் ஃபாஸ்டேக் கணக்கை எடுத்தேன். மணவாசி சுங்கச்சாவடி மார்ச் 31 இரவு 9.50. திருப்பராய்த்துறை 10.55. சுங்கம் கட்டுவதில் எனக்கு ஒரே ஒரு சந்தோஷம் உண்டென்றால் அது இதுதான். வழியில் எங்கேயும் வண்டி ஒதுங்கவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

அதிகாரி ஒருவழியாக இருக்கையில் இருந்தார். தாள்களை வரிசையாக அடுக்கினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, "நிதியாண்டு மாறியிருக்கிறது, அவ்வளவுதானே" என்றார். அவ்வளவுதான். அனுப்புநரும் ஆலையும் ஒரு விளக்கக் கடிதம் கொடுத்தால் போதும் என்று முடித்துவிட்டார். அந்த லோடின் வெள்ளைத் தாள் இந்த அலுவலகத்தின் கோப்பிலேயே இருந்தது. பச்சைத் தாள் ஆலை இருக்கும் மாவட்டத்தின் அலுவலகத்தில். வாரியம் ஒன்றுதான். ஒருவர் இன்னொருவருக்குப் போன் போட்டு "அந்தப் பச்சைத் தாளில் என்ன தேதி?" என்று கேட்டிருந்தால் என் அலைச்சல் முழுவதும் இல்லாமல் போயிருக்கும். உதவியாளர் அப்போதும் தலை நிமிரவில்லை. விளக்கக் கடிதத்தைத் தபால் பிரிவில் கொடுத்து, நம் நகலில் தேதியோடு ஒப்புகை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வாங்காவிட்டால், கடிதமே வரவில்லை என்பார்கள்.

மற்றதெல்லாம் சிக்கலில்லாமல் போனது. படிவம் 9இல் உள்ள அவசரகால விவரத் தாள் வண்டியில் இருந்தது, பைகளில் படிவம் 8 லேபிள் இருந்தது, டிரைவரின் உரிமத்தில் அபாயகரச் சரக்குக்கான குறிப்பு நடப்பில் இருந்தது. இந்தக் குறிப்பை மட்டும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

இனிமேல் மார்ச் கடைசி இரண்டு நாளில் கசடு ஏற்றுவதில்லை என்று மாமா முடிவு செய்துவிட்டார். கழிவைச் சேர்த்துவைக்கும் தொண்ணூறு நாள் கெடு முடியப்போகிறது, எடுத்துத்தான் ஆக வேண்டும் என்று எந்த அனுப்புநர் கெஞ்சினாலும் ஏப்ரல் 1 காலையில்தான் வண்டி. ஆலை வாசலில் டிரைவர் செய்ய வேண்டியதையும் எழுதிக் கேபினில் ஒட்டிவைத்தாகிவிட்டது. ஆரஞ்சுத் தாளில் எடை, தேதி, கையெழுத்து, முத்திரை நான்கும் இருக்கின்றனவா என்று பார்த்து, போனில் படம் எடுத்து எனக்கு அனுப்பிய பிறகுதான் சாவியைத் திருப்ப வேண்டும். பின்னால் எத்தனை வண்டி ஹாரன் அடித்தாலும் சரி.

சாயப்பட்டறையின் ஆண்டறிக்கை கெடுவுக்குள் போய்விட்டது. அந்த லோடுக்கான வாடகை இன்னும் வரவில்லை. கேட்டால், ஆரஞ்சுத் தாளின் அசலை பில்லோடு சேர்த்து அனுப்பச் சொல்கிறார்கள். நகல்தான் போகும் என்று சொல்லியிருக்கிறேன்.