கால் ஸ்பூன் உப்பும் செம்புக் குழாயும்

ஆனித் திருவிழாக் கடையில் வாங்கிய, மெழுகுவர்த்திச் சூட்டில் நீராவியால் ஓடும் தகரப் பொம்மைப் படகை என் மகன் இரண்டே நாளில் ஓட்டித் தீர்த்துவிட்டான். உள்ளே இருந்த மெல்லிய தகடு பிய்ந்து நீராவி கசிந்தது. "நாமளே ஒண்ணு செய்வோமாம்மா?" என்று கேட்டான். தகடு இல்லாமல், செம்புக் குழாயைச் சுருளாகச் சுற்றி அடியில் மெழுகுவர்த்தி வைத்தாலும் இந்தப் படகு ஓடும். சுருளுக்குள் தண்ணீர் கொதித்து நீராவியாகிப் பின்பக்க முனைகள் வழியாகத் தண்ணீரைத் தள்ளும். நீராவி குளிர்ந்ததும் தண்ணீர் திரும்ப உள்ளே வரும். வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். கையால் செய்தது இதுதான் முதல் தடவை.

மூன்று மில்லிமீட்டர் குழாய், நாற்பது சென்டிமீட்டர் நீளம். மார்க்கர் பேனாவின் மேல் வைத்து வளைத்தேன். கால் சுற்றுகூட வரவில்லை, ஓரிடத்தில் மடிந்து தட்டையாகிவிட்டது. குறடால் பக்கவாட்டில் அழுத்தி வட்டமாக்கப் பார்த்தேன்; மடிப்பின் ஓரத்தில் விரிசல் விட்டது. அந்தக் குழாய் அதோடு போயிற்று.

எதிர்வீட்டில் ஏசி மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். அவரிடம் காட்டியதும் முதலில் கேட்டது இதுதான்: "டீச்சர், கடையில சுருளா குடுத்தாங்களா, நீட்டமா குடுத்தாங்களா?" நீட்டமாகத்தான் வாங்கியிருந்தேன். "நீட்டக் குழாய் வெறப்பா இருக்கும். தீயில காட்டி எளக்காம வளைக்கவே கூடாது." ஏசி வேலையில் காலங்குலக் குழாய்க்கு மேலே ஒரு ஸ்பிரிங்கை மாட்டி வளைப்பார்களாம். அதை எனக்கும் எடுத்துக் காட்டினார். ஆனால் மூன்று மில்லிக் குழாய் அதற்குள் லொடலொடவென்று ஆடியது. "சின்னக் குழாய்க்கு உள்ளாற எதையாவது ரொப்பிருங்க, அதான் வழி" என்றார்.

யோசித்தால் காரணம் எளிதுதான். வளைக்கும்போது வெளிப்பக்கச் சுவர் இழுபடுகிறது, உட்பக்கச் சுவர் நெருக்கப்படுகிறது. இழுபடும் சுவர் குறுக்கு வழி தேடி உள்ளே அமுங்கும். உள்ளே காலியாக இருந்தால் அதைத் தடுக்க ஒன்றுமில்லை. தோட்டத்து ஹோஸ் மடங்குவதும் இப்படித்தான்.

இரண்டாவது குழாயை கேஸ் அடுப்பில் காட்டினேன். சமையலறை விளக்கை அணைத்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். வெளிச்சத்தில் மங்கலான சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. இடுக்கியால் பிடித்து, அந்தச் சிவப்பு வந்த இடத்திலிருந்து மெதுவாக நகர்த்தி நகர்த்தி முழு நீளத்தையும் காய்ச்சினேன். செம்பு எஃகு மாதிரி இல்லை, தண்ணீரில் முக்கினாலும் இறுகாது. ஆனாலும் சூடான குழாயின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டால் மறுமுனையில் கொதிநீர் பீறிடும். பக்கத்தில் பிள்ளை நிற்கிறான். அதனால் தானாகவே ஆறட்டும் என்று விட்டுவிட்டேன். கறுத்துப்போன மேற்பரப்பைப் புளி போட்டுத் தேய்த்ததும் ரோஜா நிறத்தில் வந்தது. கையில் எடுத்தால் ஈயக் கம்பி மாதிரி தொய்கிறது! அதே குழாய்தானா என்று மகன் திரும்பத் திரும்பக் கேட்டான்.

அடுத்தது உப்பு. வாணலியில் ஈரம் போக வறுத்து, மிக்ஸியில் மாவாக அரைத்தேன். இரண்டு மில்லி துளைக்குள் காகிதப் புனலால் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, பென்சிலால் தட்டித் தட்டி இறக்க வேண்டும். மொத்தமே கால் ஸ்பூன் உப்புதான், ஆனால் முக்கால் மணி நேரம் பிடித்தது. இதில் அவசரப்படாதீர்கள். நடுவில் ஓரிடம் காலியாக இருந்தால் மடிப்பு சரியாக அங்கேதான் விழும். இரண்டு முனைகளையும் பல்குத்தும் குச்சியால் அடைத்தேன்.

மார்க்கர் பேனாவையும் மாற்றினேன். வளைவின் ஆரம், குழாயின் நடுக்கோட்டிலிருந்து அளந்தால், குழாயின் வெளிவிட்டத்தைப் போல் மூன்று மடங்காவது இருப்பது நல்லது. பன்னிரண்டு மில்லி பேனாவில் அது இரண்டரை மடங்குதான் வந்தது. சப்பாத்திக் கட்டையின் கைப்பிடி பதினெட்டு மில்லி இருந்தது; அதில் மூன்றரை மடங்கு கிடைத்தது.

குழாயின் நடுப்பகுதியைக் கைப்பிடியில் வைத்து இரு பக்கமும் சுற்ற ஆரம்பித்தேன். முனையைப் பிடித்து இழுக்கக் கூடாது. குழாய் கட்டையைத் தொடும் இடத்துக்குப் பக்கத்திலேயே கட்டைவிரலை வைத்து அழுத்தி, நகத்தின் அகலம் அளவுக்கு நகர்ந்து, மறுபடி அழுத்த வேண்டும். பின்னுக்கு வளைத்துத் திருத்தவும் கூடாது. ஒவ்வொரு வளைப்பிலும் செம்பு இறுகிக்கொண்டே போகிறது, விரலுக்கே அது தெரியும். ரொம்ப இறுகிவிட்டால் உப்பைக் கரைத்து வெளியேற்றிய பிறகே மறுபடி தீயில் காட்டலாம். முனை அடைத்த குழாயைச் சூடாக்கினால் உள்ளே மிச்சமிருக்கும் ஈரம் நீராவியாகி வெடிக்கும்.

எனக்கு அந்தத் தேவை வரவில்லை. இரண்டரைச் சுற்று, ஒரு மடிப்பு இல்லாமல்.

வெந்நீரில் இரவு முழுக்க ஊறவைத்தும் உப்பு முனைகளில் மட்டுமே கரைந்திருந்தது. சிரிஞ்சை ஒரு துண்டு ரப்பர் குழாயால் இணைத்து, வெந்நீரை அழுத்தி விட்டு, மறுபடி ஊறவைத்து, மாலைவரை போராடினேன். கடைசியில் மறுமுனையில் ஒரு துளி தண்ணீர் வந்ததும் மகன் கத்திய கத்தலில் எதிர்வீட்டு அண்ணன் எட்டிப் பார்த்தார். உப்பு தங்கினால் செம்பை அரிக்கும் என்பதால் இன்னும் பத்து சிரிஞ்ச் தண்ணீர் விட்டுக் கழுவினேன்.

சுருளை ஒரு தெர்மோகோல் படகில் பொருத்தி, தீ படாமல் இருக்க அடியில் தகரத் துண்டு வைத்து, குழாயில் தண்ணீர் நிரப்பித் துணி ஊறவைக்கும் தொட்டியில் விட்டோம். மெழுகுவர்த்தி ஏற்றி அரை நிமிடம் போயிருக்கும். பின்னால் தண்ணீர் துடிக்க ஆரம்பித்தது, படகு நகர்ந்தது.