இலை உணவா, ஒளிவிடமா? புழல் உபரிநீர்க் கால்வாயில் ஒரு சோதனை

புழல் ஏரியின் உபரிநீர்க் கால்வாய் வடபெரும்பாக்கம், மணலி, சடையங்குப்பம் வழியாக எண்ணூரை நோக்கிப் போகிறது. கரையில் புங்க மரங்கள் நிழல் தரும் ஓரிடத்தில், நீருக்குள் மூன்று பைகளைக் கட்டிவைத்திருக்கிறேன். உதிரும் இலையை நம்பி எந்த உயிர்கள் பிழைக்கின்றன என்று நேரில் பார்த்துவிட வேண்டும்.

வெங்காய மூட்டை வலையை வெட்டித் தைத்து, உள்ளே செங்கல் துண்டு வைத்தேன். ஒரு பையில் காய்ந்த புங்க இலை, அடுத்ததில் அதே எடைக்கு யூகலிப்டஸ். மூன்றாவதில் இலை அளவுக்கு நறுக்கிய பிளாஸ்டிக் தாள். பூச்சிகள் தின்ன வருகின்றனவா, ஒளிந்துகொள்ள வருகின்றனவா என்பதை அந்தப் பைதான் சொல்லும்.

விழுந்த இலையை உடனே எதுவும் விரும்பித் தின்பதில்லை. முதலில் சர்க்கரையும் டானினும் கரைந்து வெளியேறும். பிறகு பூஞ்சையும் பாக்டீரியாவும் படிந்து இலையை இளக்கும். பூஞ்சை ஏறிய பிறகே அதில் சத்து கூடுகிறது.

சில வாரங்கள் கழித்துத் தூக்கிப் பார்த்தபோது புங்க இலைகள் நரம்போடு சல்லடையாகியிருந்தன. பயறு வகைக் குடும்பத்து மரம் அல்லவா, தழைச்சத்து அதிகம்; சீக்கிரம் மட்கும். தட்டில் கொட்டியதும் நத்தைகளும் ரத்தப்புழுக்களும் நெளிந்தன. கொளத்தூர் மீன் சந்தையில் வளர்ப்பு மீன்களுக்கு வாங்குகிறோமே, அதே ரத்தப்புழுதான். கொசுவைப் போலிருந்தும் கடிக்காத பூச்சியின் இளம்புழு. உடலில் ஹீமோகுளோபின் இருப்பதால்தான் அந்தச் சிவப்பு. ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் அது தாக்குப்பிடிக்கும்.

யூகலிப்டஸ் இலையோ இன்னும் தோல் போல விறைப்பாகவே இருக்கிறது. அதன் எண்ணெயும் பீனால்களும் பூஞ்சையைத் தாமதப்படுத்துகின்றன.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது பிளாஸ்டிக் பை. தட்டான்பூச்சியின் இளம்புழுக்கள் அதிலும் இருந்தன. அவை வேட்டையாடிகள், பதுங்க இடம் கிடைத்தால் போதும். ரத்தப்புழுக்கள் மிகச் சொற்பம். ஆக, இலை சிலவற்றுக்கு வீடு, சிலவற்றுக்கு வீடும் சோறும். கரையைச் சுத்தப்படுத்துவதாகச் சொல்லி மரங்களை வெட்டி சிமென்ட் சுவர் எழுப்பும்போது இரண்டுமே போய்விடுகின்றன. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை.

மலையோடைகளில் இலையைக் கத்தரித்துத் தின்னும் பூச்சிப்புழுக்கள் உண்டு. இங்கே இதுவரை ஒன்றும் அகப்படவில்லை. அந்த வேலையைப் பெரும்பாலும் பூஞ்சையும் நத்தையுமே பார்க்கின்றன என்று நினைக்கிறேன்.

அடுத்து, நிழலே இல்லாமல் ஆகாயத்தாமரை மூடிய பகுதியில் இதே மூன்று பைகளை இறக்கப்போகிறேன். வடகிழக்குப் பருவமழையில் மதகு திறந்துவிட்டால் எதுவும் நிற்காது. அதற்குள் முடிக்க வேண்டும்.