யாரும் உணராத நிலநடுக்கம்

சிற்றூர்களுக்கு அருகே லேசான நிலநடுக்கம் பதிவானது, ஆனால் ஒருவரும் உணரவில்லை என்று எங்கிருந்தாவது செய்தி வரும்போதெல்லாம், எங்கள் மன்னார்குடிப் பக்கத்து டீக்கடைகளில் 'யாருக்குமே தெரியாமல் பூமி எப்படி ஆடும்?' என்ற ஐயம் எழுந்துவிடுகிறது. நியாயமான கேள்விதான்.

ரிக்டர் அளவில் ஓர் எண் கூடினால் அலையின் வீச்சு 10 மடங்கும், வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கும் கூடும் என்பதால், 2 என்ற அளவிலான அதிர்வைப் பெரும்பாலும் கருவி மட்டுமே அறியும்; பேருந்து போகும் சாலையோர வீட்டில் இருப்பவர் அறியமாட்டார். 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் 5.5 அளவில் நிகழ்ந்ததோ சென்னை வரை உணரப்பட்டது.

எனக்கு அளவைவிட நம் மண்ணைப் பற்றிய யோசனைதான் அதிகம். காவிரி கொண்டுவந்து சேர்த்த தளர்வான வண்டல், கடும்பாறையைப் போலன்றி, அதிர்வைப் பெருக்கக்கூடியது. நீர் ஊறிய மணற்படுகையோ வலுவான குலுக்கலில் கூழ்போல் இளகிவிடும். டெல்டா, நிலநடுக்க வாய்ப்பு குறைந்த பகுதியாகவே கருதப்பட்டு வந்திருக்கிறது (2004இல் சுனாமியைக் கண்ட நாகப்பட்டினத்தாரிடம் இதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது). ஆயினும் வயலைத் தூர்த்து மாடி வீடு எழுப்புவோரில் பலர், வாசற்காலுக்குத் தேக்கு தேடி அலையும் அளவுக்கு மண் பரிசோதனையைப் பொருட்படுத்துவதில்லை.