கொனோரியா: ஒரு மருத்துவரின் நாட்குறிப்பு

ஜூன் 3

இன்று வந்த இளைஞருக்குச் சிறுநீர் கழிக்கையில் கடும் எரிச்சலும், ஆண்குறி நுனியில் மஞ்சள் நிறச் சீழும் இருந்தன. ஆணுறையின்றி உறவு கொண்ட நான்காம் நாளில் தொடங்கியதாம். பாலுறவால் பரவும் தொற்றான கொனோரியா பெரும்பாலும் 2 முதல் 5 நாள்களுக்குள் வெளிப்படும். அதே வழியில் பரவும் இன்னொரு தொற்றான கிளமிடியாவோ ஒன்று முதல் மூன்று வாரங்கள் எடுத்துக்கொண்டு, தெளிந்த சிறு கசிவாகவே தென்படும், அல்லது எதுவுமே தெரியாமல் தங்கிவிடும். ஆனாலும் சீழின் நிறத்தைக் கொண்டு நோயை முடிவுசெய்வது தவறு.

சீழைக் கண்ணாடித் தகட்டில் தடவிக் கிருமிகளை நிறத்தால் பிரித்துக் காட்டும் ‘கிராம்’ முறையில் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தபோது, 1879இல் மருத்துவர் ஆல்பர்ட் நைசர் விவரித்த அதே கிருமிகள் வெள்ளணுக்களுக்குள் இணை இணையாகச் செந்நிறத்தில் தெரிந்தன. அறிகுறியுள்ள ஆணுக்கு இந்தச் சான்று போதும். அறிகுறியற்றவர்களில் பலரை இது தவறவிடும் என்பதால், அவர்களுக்குக் கிருமியின் மரபணுவைப் பலமடங்காக்கிக் கண்டறியும் மரபணுப் பெருக்கச் சோதனையே பொருத்தம். இவருக்கும் கிளமிடியாவை அறிய அதற்கு அனுப்பினேன். ஒரு மணி நேரமாவது சிறுநீரை அடக்கியிருந்து, முதலில் வரும் பகுதியைப் பிடித்துத் தர வேண்டும், நடுப்பகுதியை அல்ல.

கொனோரியாவுக்கான கிருமிக்கொல்லி செஃப்ட்ரையாக்சோன் 500 மி.கி. ஒரே ஊசியாகத் தசையில் போடப்பட்டது. சில நாடுகளில் 1 கிராம் தருகிறார்கள். கிளமிடியா இல்லையென்று உறுதியாகாததால், அதற்கான டாக்சிசைக்ளின் 100 மி.கி. மாத்திரையை நாளுக்கு இருவேளை, 7 நாள்களுக்கு எழுதிக்கொடுத்தேன். எய்ச்ஐவிக்கும் சிபிலிசுக்கும் இரத்தம் எடுத்தோம்.

ஜூன் 5

கிளமிடியாவும் உறுதியானது. மாத்திரையை முன்பே தொடங்கியது நல்லதாயிற்று.

ஜூன் 7

கிருமியை ஆய்வகத்தில் வளர்த்து எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்க்கும் வளர்ப்புச் சோதனையின்படி, இவரது கொனோரியாக் கிருமி சிப்ரோஃப்ளாக்சசின் என்ற மருந்துக்குக் கட்டுப்படாது, செஃப்ட்ரையாக்சோனுக்குக் கட்டுப்படுகிறது. இங்கு வருமுன் அவர் தாமாக வாங்கி விழுங்கியதும் சிப்ரோஃப்ளாக்சசின்தான் என்று இன்று தொலைபேசியில் சொன்னார். சல்ஃபா, பெனிசிலின், டெட்ராசைக்ளின் என ஒவ்வொரு மருந்தையும் எதிர்த்து நிற்கக் கற்றுக்கொண்ட கிருமி இது. ஊசியே போதுமென்று வளர்ப்புச் சோதனையைக் கைவிடும் வழக்கம் எனக்குக் கவலை தருகிறது.

ஜூன் 10

எரிச்சலும் சீழும் நின்றுவிட்டன. விரைகளில் வலியோ வீக்கமோ இல்லை. தொண்டை மாதிரியில் தொற்று இல்லாததால் குணமானதை உறுதிசெய்யும் மறுசோதனை இப்போது தேவைப்படவில்லை. கடந்த 60 நாள்களில் அவரோடு உறவு கொண்டவர்களுக்கும், அறிகுறி இல்லாவிட்டாலும், சோதனையும் சிகிச்சையும் அவசியம் என்பதை நெடுநேரம் விளக்கினேன், ஏனெனில் பெண்கள் பலரிடம் இந்நோய் ஓசையின்றிக் கருக்குழாய் வரை ஏறிவிடும். தயங்கினார், பெயரைச் சொல்லாமலே தகவல் தெரிவிக்கலாம் என்றதும் இசைந்தார். துணைவரின் சிகிச்சை முடிந்து 7 நாள்கள் ஆகும்வரை உறவு கூடாது. மறுதொற்று அடிக்கடி நேர்வதால், செப்டம்பரில் மீண்டும் சிறுநீர்ச் சோதனைக்கு நாள் குறித்துக் கொடுத்தேன்.